அரியலூர்ச் சரளையில் கிடைத்த ஐந்து இதழ்ப் பூக் கல்

வீட்டு அஸ்திவாரத்துக்கு இறக்கிய சரளையில் உள்ளங்கை அளவு கல் ஒன்று கிடைத்தது, மேலே ஐந்து இதழ்ப் பூ, அடியில் நடுவில் குட்டியாக இன்னொரு பூ, லாரி வந்தது அரியலூர்ப் பக்கத்திலிருந்து. இது யாரோ செதுக்கியதா, மச்சான் சொல்வதுபோல் டைனோசர் முட்டையா, கடல் முள்ளெலி என்றால் அதில் என்ன இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் ஒன்றுதான்: கல்லாகிப்போன ஓடு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிராணியைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? ஜியாலஜி படித்துவிட்டு, இந்த மாதிரிக் கற்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கடல் முள்ளெலி என்ற, உடம்பெல்லாம் முள் போர்த்திய கடல் பிராணியின் புதைபடிவம், அதில் சந்தேகமே இல்லை. முள்ளெலிகளில் ‘ஒழுங்கற்றவை’ என்று ஒரு பெரும் பிரிவு உண்டு, இது அதைச் சேர்ந்தது, அதிலும் சந்தேகம் இல்லை. அந்தப் பிரிவுக்குள் கேசிடுலாய்டு என்ற கூட்டத்தைச் சேர்ந்தது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அதற்குக் கீழே பேரினம், சிற்றினம் என்று இறங்கினால், நீங்கள் போட்ட இரண்டு படங்களை வைத்து நான் பெயர் சொல்லமாட்டேன். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாராவது லத்தீன் பெயரை எடுத்து வீசினால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மச்சானைக் குறை சொல்வதற்கில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரியைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. வல்லுநர்கள் போய்ப் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, கடலடி வண்டலில் உருவான கற்கள், அம்மோனைட் என்ற அழிந்துபோன சுருள் ஓட்டுப் பிராணிகளோடு தொடர்புடையவை என்று சொன்னார்கள். முட்டைக்கு முட்டை ஓடு வேண்டும், அந்த ஓட்டில் மூச்சுத் துளைகள் ஒழுங்கு இல்லாமல் எங்கும் பரவியிருக்கும். உங்கள் கல்லில் துளைகள் ஐந்து வரிசைகளாக அணிவகுத்து நிற்கின்றன. முட்டையில் அப்படி வரவே வராது. சாலக்கிராமமா என்று கேட்டவருக்கும் ஒரு வரி: கண்டகி ஆற்றுச் சாலக்கிராமத்துக்குள் இருப்பது சுருள் வடிவ அம்மோனைட், அது கணவாய், ஆக்டோபஸ் வகையறாவின் உறவு. முள்ளெலி நட்சத்திர மீனுக்கு உறவு. இரண்டும் வேறு குடும்பக் கதை.

சரி, பிராணிக்கு வருவோம். மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடற்கரையில் நடந்தவர்கள் முள் உதிர்ந்த முள்ளெலி ஓட்டைப் பார்த்திருப்பீர்கள். ஓடு என்று சொல்கிறோமே தவிர, நத்தை ஓடு மாதிரி வெளியே சுமக்கிற வீடு அல்ல அது. உயிரோடு இருக்கும்போது அதன் மேல் மெல்லிய தோல் போர்த்தியிருக்கும், ஆக அது உள் எலும்புக் கூடு. நூற்றுக்கணக்கான கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) தகடுகள் ஒட்டிச் சேர்ந்த பெட்டி. ஒவ்வொரு தகடும் நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஆனால் அந்த வலை முழுக்க ஒரே படிகம்போல நடந்துகொள்ளும். புதைந்தபின் அந்த ஓட்டைகளிலும் கால்சைட் அடைத்துக்கொள்ள, தகடு திடமான படிகமாகிவிடும். அதனால்தான் உடைந்த முள்ளெலித் துண்டை வெயிலில் திருப்பினால் கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு தட்டையான முகம் பளிச்சென்று மின்னும். சிப்பியோ நத்தையோ அப்படி மின்னாது. களத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘முட்தோலி’ (முள்ளெலி, நட்சத்திர மீன் எல்லாம் அடங்கிய கூட்டம்) என்று அடித்துச் சொல்ல எனக்கு இந்த மினுக்கமே போதும். உங்கள் கல்லின் ஓரத்தில் ஏற்கெனவே சிதைந்த இடம் இருந்தால் அங்கே பாருங்கள். பார்ப்பதற்காக உடைக்காதீர்கள்.

இந்தத் தகடுகள் கண்டபடி அடுக்கப்படவில்லை. பூசணிக்காயின் பள்ளங்கள் காம்பிலிருந்து அடிவரை ஓடுவதுபோல, உச்சியிலிருந்து வாய்வரை பட்டைகள் ஓடும். மொத்தம் பத்துப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நிரல் தகடுகள், ஆக இருபது நிரல்கள். ஐந்து பட்டைகளின் தகடுகளில் துளைகள் இருக்கும், இடையிலுள்ள ஐந்து பட்டைகளில் துளை கிடையாது. துளைகள் இரண்டிரண்டாக நிற்கும், ஒவ்வொரு இணை வழியாகவும் ஒரு குழாய்க்கால் வெளியே வரும். நடக்க, பிடிக்க, மூச்சுவிட, இரை பொறுக்க எல்லாவற்றுக்கும் இந்தக் குழாய்க்கால்கள்தான். தகடுகளின் மேல் இருக்கும் குமிழ்கள் முட்களின் மூட்டுகள். நம் தோள்பட்டையில் பந்து கிண்ணத்தில் உட்காருவது தெரியும் அல்லவா, இங்கே பந்து தகட்டில், கிண்ணம் முள்ளின் அடியில். செத்த சில நாட்களில் தசை அழுகி முட்கள் உதிர்ந்துவிடும். அதனால்தான் புதைபடிவங்களில் ஓடு தனி, முள் தனி என்று கிடைக்கிறது, எந்த முள் எந்த ஓட்டுடையது என்று பல இனங்களில் இன்றுவரை இழுபறி.

உச்சியில் ஒரு சிறு வட்டு இருக்கிறது. வகைப்பாட்டுக்கு அதுதான் பெரிய சாட்சி. அதில் கண் தகடுகள் ஐந்து (பெயர் மட்டும்தான் கண், பார்வை கிடையாது), இனப்பெருக்கத் தகடுகள் ஐந்து அல்லது குறைவாக. முட்டையும் விந்தும் வெளியேறும் துளைகள் இனப்பெருக்கத் தகடுகளில். அவற்றில் ஒரு தகடு மட்டும் சல்லடையாகத் துளையிட்டிருக்கும், உள்ளே இருக்கும் நீர்க்குழாய் மண்டலத்துக்கு அதுதான் வாசல். பந்து மாதிரி உருண்டையான முள்ளெலிக்கு முன் எது, பின் எது? சல்லடைத் தகட்டைக் கண்டுபிடித்து, அது முன்பக்கம் வலது கைப் பக்கமாக வரும்படி மேலிருந்து பார்த்தால் திசை கிடைத்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் லோவேன் 1874-ல் பட்டைகளுக்கு எண் கொடுத்து ஒழுங்குபடுத்திய முறை அது, இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். புதுத் தகடுகள் பிறப்பதும் இந்த உச்சியில், கண் தகடுகளின் ஓரத்தில்தான். எனவே வாயருகே இருக்கும் தகடுகள் அதன் குழந்தைப் பருவத்தவை, உச்சியருகே இருப்பவை சாகும் காலத்தவை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லோர் கண்ணும் பூவின் மேல் போகும். என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் முதல் நாள் அப்படித்தான். ஆனால் முள்ளெலியைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது அதன் குதம் எங்கே என்பதைத்தான். சிரிக்காதீர்கள், இந்தத் துறையே அந்தத் துளையைச் சுற்றித்தான் ஓடுகிறது. ‘ஒழுங்கானவை’ என்று சொல்லும் முள்ளெலிகளில் வாய் அடியில் நடுவில், குதம் மேலே உச்சி வட்டின் நடுவில், நேருக்கு நேர். உருண்டை உடம்பு, எந்தப் பக்கமும் நடக்கும், பாறையைச் சுரண்டித் தின்னும். ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் ஒரு கிளை மண்ணுக்குள் புதைந்து வாழத் தலைப்பட்டது. அந்தக் கிளையில் குதம் உச்சி வட்டை விட்டுக் கழன்று பின்பக்கமாகச் சரிய ஆரம்பித்தது. சிலவற்றில் பின் சரிவில் நின்றது, சிலவற்றில் ஓரத்துக்கு வந்தது, சிலவற்றில் அடிப்பக்கத்துக்கே போய்விட்டது. அது நகர்ந்த பக்கத்து இனப்பெருக்கத் தகடும் துளையை இழந்தது, அதனால் இவற்றில் பெரும்பாலும் நான்கு துளைதான் இருக்கும். கூடவே முன், பின் என்ற பேதமும் வந்தது. ஒரு திசையில் மட்டும் மண்ணைத் துளைத்துப் போகிற பிராணிக்கு உடம்பு நீளும், முட்கள் மயிர் மாதிரி குட்டையாகும். இவைதான் ஒழுங்கற்றவை. மண்ணுக்குள்ளேயே சாவதால் அலையில் சிதறாமல் அப்படியே பாதுகாக்கப்படும் வாய்ப்பும் இவற்றுக்கு அதிகம். அரியலூரில் ஆகட்டும், ஐரோப்பாவின் சீமைச்சுண்ணாம்புப் பாறைகளில் ஆகட்டும், முழு ஓடாகக் கைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். அந்தக் காலக் கடலில் பாறைமேல் வாழ்ந்த உருண்டை முள்ளெலிகள் குறைவு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது, அவை நொறுங்கிப் போயிருக்கும்.

உங்கள் கல்லில் உச்சி வட்டுப் பகுதி தெளிவாகத் தெரிகிறது, அதன் நடுவில் பெரிய துளை இல்லை. ஆக ஒழுங்கற்றது. மேலே தெரியும் பூ ஐந்து துளைப் பட்டைகளின் மேல்பாதி. அந்த இடத்தில் குழாய்க்கால்கள் தட்டையாகி மூச்சுவிடும் செவுள்களாக மாறியிருக்கும், அதற்கேற்ப வெளி வரிசைத் துளை கீறல் மாதிரி நீண்டிருக்கும், உள் வரிசைத் துளை வட்டமாகவே இருக்கும். லென்ஸ் இருந்தால் பாருங்கள், இரண்டையும் இணைக்கும் மெல்லிய பள்ளமும் தெரியலாம். ஆனால் இதழ்ப் பூ ஒழுங்கற்றவைகளில் பல கூட்டங்களில் உண்டு, அதனால் மேல்பூவை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது. என்னைக் கேட்டால் உங்கள் இரண்டாவது படம்தான் மதிப்பு வாய்ந்தது: அடியில், வாயைச் சுற்றி இருக்கிற அந்தக் குட்டிப் பூ. வாயை ஒட்டித் துளைப் பட்டைகள் ஐந்தும் இலை மாதிரி அகன்று பள்ளமாகின்றன, இடைப்பட்டைகள் ஐந்தும் உதடு வீங்கினாற்போல் புடைத்து நிற்கின்றன. பள்ளத்தில் இருந்த ஒட்டும் குழாய்க்கால்கள் மணலிலிருந்து இரையைப் பொறுக்கி வாய்க்குள் தள்ளின. இந்த வாய்ப்பூதான் கேசிடுலாய்டுகளின் முகவரி. இதயம் மாதிரி வடிவமுள்ள ஸ்பேட்டாங்காய்டாக இருந்தால் முன்பக்கம் ஒரு வெட்டு, வாய் முன்னால் தள்ளிப்போய் அதன் பின்னுதடு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், மயிரிழை முட்கள் நட்டிருந்த வழவழப்பான பட்டை ஒன்று ஓட்டின் மேல் சுற்றி ஓடும். உங்களுடையதில் இவை எதுவும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த அரிஸ்டாட்டில் விளக்கு எங்கே என்று யாராவது கேட்பார்கள். ஒழுங்கான முள்ளெலியின் வாய்க்குள் ஐந்து பல்லோடு நாற்பது துண்டுகள் கொண்ட தாடை இயந்திரம் உண்டு, அதற்குத்தான் அந்தப் பெயர். அரிஸ்டாட்டில் விளக்கோடு ஒப்பிட்டது தாடையை அல்ல, முழு ஓட்டையும்தான் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், அவருடைய கிரேக்கச் சுவடிகளில் ‘வாய்’ என்றும் ‘உடல்’ என்றும் பாடபேதம் இருப்பதால் வந்த சண்டை. எப்படியிருந்தாலும் கேசிடுலாய்டுகளில் வளர்ந்தபின் இந்தத் தாடை இருக்காது, குஞ்சுப் பருவத்தோடு சரி. எனவே உங்கள் கல்லை உடைத்து உள்ளே பல் தேடுவது வீண் வேலை.

வகைப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஒழுங்கானவை, ஒழுங்கற்றவை என்ற பழைய பிரிவு பேச்சுக்கு வசதியானது, ஆனால் சரிபாதி உண்மைதான். ஒழுங்கற்றவை எல்லாம் ஒரே மூதாதையின் வம்சம், அது உறுதி. ஒழுங்கானவை என்பது அந்த வம்சம் கிளம்பிப் போனபின் மிச்சம் நின்றவர்களின் கூட்டம், தனி வம்சம் அல்ல. உண்மையான முதல் பிரிவு வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு இடைப்பட்டைத் தகட்டிலும் ஒரே ஒரு பெரிய குமிழும் பென்சில் தடிமன் முள்ளும் கொண்ட சிடாராய்டுகள் ஒரு பக்கம், மற்ற எல்லாம் இன்னொரு பக்கம். இன்னும் பின்னால் போனால், பேலியோசோயிக் (டைனோசர்களுக்கு முந்தைய) காலத்து முள்ளெலிகளில் நிரல் கணக்கே வேறு, இடைப்பட்டையில் பல நிரல்கள் இருந்தவை உண்டு, தகடுகள் மீன் செதிள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தவையும் உண்டு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்தபோது நடந்த பேரழிவில் அநேகமாக எல்லாம் போய், தப்பிய ஒரு சில வழிகளிலிருந்துதான் இன்றைய முள்ளெலிகள் வந்தன. இருபது நிரல் என்ற கணக்கு பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கதை.

சந்தேகத்துக்குரிய இடத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கல்லை வைக்கிற ‘கேசிடுலாய்டு’ என்ற அலமாரியே கொஞ்சம் ஆடுகிற அலமாரி. வாய்ப்பூ இருக்கிறது, இதழ் இருக்கிறது என்று ஒரு காலத்தில் எல்லாவற்றையும் அதில் அடுக்கினார்கள். பிறகு பார்த்தால் சிலது வேறு வழியில் வந்தவை. 2018-ல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்று இன்னொரு குண்டு போட்டது. தட்டை ரூபாய்க் காசு மாதிரி இருக்கும் மணல் டாலர்களையும், அவற்றின் கூடப்பிறந்தவை என்று நினைத்திருந்த தடித்த ‘கடல் பிஸ்கட்’ வகைகளையும் அது பிரித்துப் போட்டு, மணல் டாலருக்கு நெருங்கிய சொந்தம் எக்கினோலாம்பாஸ் என்ற, பழைய கணக்கில் கேசிடுலாய்டான பிராணி என்று காட்டியது. அதாவது ஓடு ஒன்றை மட்டும் பார்த்து நாங்கள் தலைமுறை தலைமுறையாக உறவு என்று எழுதிய சிலது வெறும் உருவ ஒற்றுமை. கல்லில் மரபணு கிடையாது, எனவே அழிந்துபோன குடும்பங்களை எங்கே வைப்பது என்பது இன்னும் பல வருடம் இழுக்கும். உங்கள் கல்லில் தெரியும் உறுப்புகளின் விவரம் மாறாது, அதற்கு மேலே எழுதும் தலைப்பு மாறலாம்.

இனி இனப்பெயர். திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக் கிரெட்டேசியஸ் பாறைகள் ஏறத்தாழ 11 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டு வரையான காலத்தில் படிந்தவை. அடியிலிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பெரிய தொகுதிகள். லாரி எந்தக் குவாரியில் ஏற்றியது என்று தெரியாவிட்டால் உங்கள் கல்லுக்கு நாலரைக் கோடி ஆண்டு அகலத்தில்தான் வயது சொல்ல முடியும். சிப்பிகள் கட்டிகட்டியாக நிறைந்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்திருந்தால் வயது சுமார் 7 கோடி. அந்தப் பாறையில் ஸ்டிக்மாட்டோபைகஸ் எலாட்டஸ் என்ற உயரமான கேசிடுலாய்டு நிறையக் கிடைக்கும். உங்கள் கல்லின் தோற்றம் அதை நினைவூட்டுவது உண்மைதான். நினைவூட்டுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணம், அந்தப் பேரினத்தின் முத்திரை அதன் குதத் துளையின் வடிவம், பழைய பூட்டின் சாவித் துவாரம் மாதிரி நடுவில் இடுங்கியிருக்கும். நீங்கள் மேலேயும் கீழேயும் படம் எடுத்திருக்கிறீர்கள், பின்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள்!

அந்த இனத்தின் பெயருக்குப் பின்னால் போர்ப்ஸ் 1846 என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் தென்னிந்தியாவில் சேகரித்து அனுப்பியவற்றை எட்வர்ட் போர்ப்ஸ் விவரித்த ஆண்டு அது. அடைப்புக்குறி சும்மா போட்டதல்ல. அவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார், பிற்பாடு இடம் மாற்றப்பட்டது என்பதற்கான அடையாளம். அவருக்குப் பின் 1857 முதல் 1860 வரை ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை நடந்தே அளந்து வரைபடம் போட்டார். அந்த ஆய்வில் சேர்ந்த படிவங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து விவரித்தவர் மொராவியாவில் பிறந்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. முட்தோலிகளைப் பற்றிய பகுதி 1873-ல் வந்தது, அடுத்த வருடமே லடாக்கில் பயணத்தின்போது இறந்துபோனார். நம் ஊர் முள்ளெலிக்குப் பெயர் வைக்க உட்காரும் யாரும் இன்றைக்கும் அவருடைய படத்தட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எடுத்த இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. ஆர்தர் ரோ என்ற மருத்துவர் சீமைச்சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து மைக்ராஸ்டர் என்ற இதய வடிவ முள்ளெலிகளை அடுக்கு வாரியாகச் சேர்த்து, 1899-ல் எழுதினார். மேலே மேலே போகப் போக வாய் முன்னால் நகர்கிறது, உதடு நீள்கிறது, இதழ்களின் சொரசொரப்பு கூடுகிறது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. அடுக்கு தெரியாமல் ஒரே ஒரு கல்லை மேசையில் வைத்தால் அது அந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லத் திணற வேண்டியதுதான். சரளை லாரியில் வந்த கல்லுக்கும் அதே கதி. டிரைவரிடம் குவாரி எது என்று கேட்டு, பதிலை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். மறக்காமல் வையுங்கள். குவாரிக்கே போய்ப் பொறுக்கலாமா என்றால், அவை சிமெண்ட் ஆலைகளின் குத்தகை நிலங்கள், அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

கடைசியாக, எலுமிச்சைச் சாறோ வினிகரோ போட்டு ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐயோ, வேண்டாம். நான் மாணவனாக இருந்தபோது ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மேலே ஒட்டியிருந்த சுண்ணாம்பை எடுக்கிறேன் என்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சிடாராய்டு மேல் விட்டேன். நுரைத்தது, எனக்கும் வேடிக்கையாக இருந்தது. கழுவிப் பார்த்தால் குமிழ்கள் எல்லாம் மழுங்கி, சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி ஆகியிருந்தது. ஒட்டியிருந்ததும் கால்சைட், ஓடும் கால்சைட், அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். எலுமிச்சை மெதுவாகச் செய்யும், அவ்வளவே வித்தியாசம். தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள், துளைகளில் அடைத்திருக்கும் மண்ணை மூங்கில் குச்சியால் எடுங்கள். ஈரம் காய்வதற்குள் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள், தகடுகளின் சந்துக் கோடுகள் அப்போதுதான் நன்றாகத் தெரியும். குமிழ்களே இல்லாமல் வழவழவென்று இருக்கும் இடங்களில் ஓடு உரிந்துபோய், உள்ளே நிரம்பிய சேற்றின் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கக்கூடும், அதையும் கவனித்துச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கம் நேராக ஒன்று, உச்சி வட்டை மட்டும் நெருக்கமாக ஒன்று என மூன்று படம் எடுத்துப் போடுங்கள். பின்பக்கத் துளை சாவித் துவாரமா, வெறும் நீள்வட்டமா என்பதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.